மூன்றாவது கை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் வசவாகவே வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது. என் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது. கோழிக் கிறுக்கல் என்று இந்த முறை நீ குறை சொல்ல முடியாது. மகள் வேலை மாறிவிட்டாள், அது ஒரு தனிக் கதை. முதலில் உன் விஷயம்.

நீ எழுதியதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். சனிக்கிழமை இரவு, மேல்மாடியில் குழாய் வெடித்து ஆவண அறைக்குள் தண்ணீர் கொட்டுகிறது. சாவிக்காரர் விடுப்பில் இருக்கிறார். மாற்றுச் சாவி அலமாரியில் இருக்கிறது, அந்த அலமாரியின் சாவியும் அவரிடமே. மூன்று பேருக்குப் போன் செய்தாய். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். இன்னொருவர் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொள் என்றார், யாரிடம் என்று சொல்லவில்லை. அதற்குள் கதவுக்கு அடியில் தண்ணீர் வெளியே வழிய ஆரம்பித்துவிட்டது. நீயும் காவலாளியும் ஒரு கம்பியால் பூட்டை நெம்பி உடைத்தீர்கள். கீழ்த்தட்டில் இருந்த பழைய பதிவேடுகளைத் தூக்கி வந்து, விடிய விடியப் பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி, மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைத்தீர்கள். செவ்வாய்க்கிழமை உனக்கு மெமோ. அலுவலக உடைமைக்குச் சேதம், அனுமதியின்றிப் பாதுகாக்கப்பட்ட அறைக்குள் நுழைந்தது. பூட்டின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பது பற்றித் தனியாக ஒரு பத்தி.

அந்தப் பூட்டுப் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். யாரோ ஒருவர் அதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார், தட்டச்சு செய்திருக்கிறார், மேலே அனுப்பிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஒரு பூட்டுக்கு இத்தனை பேருடைய நேரம்! நனைந்த பதிவேடுகளில் எத்தனை பிழைத்தன என்று மெமோவில் ஒரு வார்த்தை இல்லை என்கிறாய். இருக்காது. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இதைப் படித்ததும் எனக்குப் பெட்ரோவ்தான் ஞாபகத்துக்கு வந்தார். சோவியத் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்க ஏவுகணைகளைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள் மையத்தில் அவர் பொறுப்பில் இருக்கிறார். அபாயச் சங்கு அலறுகிறது, ஒரு ஏவுகணை கிளம்பிவிட்டது என்று திரை சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு. காலமும் மோசமான காலம். அதே மாதம் 1ஆம் தேதிதான் கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். கணினி சொன்னதை அப்படியே மேலே அனுப்புவதுதான் அவருடைய வேலை. அவர் யோசித்தார். போர் தொடுக்கிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடா தொடுப்பான்? இந்த அமைப்போ புதிது, தரையிலிருக்கும் ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் வந்து விழவில்லை. உயரத்து மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்துக்கொண்டது பிற்பாடு தெரிந்தது.

சரி, அவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? திட்டு. அந்த இரவின் நிகழ்வுகளைக் குறிப்பேட்டில் உடனுக்குடன் எழுதவில்லை என்று! ஒரு கையில் போன், இன்னொரு கையில் இன்டர்காம், எழுத மூன்றாவது கை எனக்கு இல்லை என்று அவர் பின்னால் சொல்லியிருக்கிறார். உன் மெமோவைப் படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்ததற்கு இதுதான் காரணம். உனக்கும் அன்றிரவு இரண்டு கைதான். இரண்டிலும் ஈரப் பதிவேடு.

பெட்ரோவைப் பாராட்டினால் அமைப்பில் பிழை இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், பிழை என்றால் அதைக் கட்டியவர்கள் பதில் சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் எழுதாத குற்றம் என்றால் ஒரே ஒரு ஆளோடு போயிற்று. உன் விஷயத்திலும் அதேதான் என்று நினைக்கிறேன். நீ செய்தது சரி என்றால், மாற்றுச் சாவியைப் பூட்டி அதன் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்தது யார் என்ற கேள்வி அடுத்து வரும். போனை எடுக்காதவர் யார், 'திங்கட்கிழமை' என்றவர் யார் என்று அது நீண்டுகொண்டே போகும். பூட்டோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் வசதி.

2012இல் ஃப்ளோரிடாவில் ஒரு கடற்கரை உயிர்காப்பாளனை வேலையை விட்டு நீக்கினார்கள், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 21 வயதுப் பையன். தன் காவல் எல்லைக்கு வெளியே ஒருவர் மூழ்குகிறார் என்று ஓடிப் போய் உதவினான். எல்லையைத் தாண்டியது குற்றமாம். நாங்களும் அதைத்தான் செய்திருப்போம் என்று சொன்ன சக ஊழியர்களுக்கும் வேலை போயிற்று. செய்தி வெளியே வந்து ஊரே சிரித்த பிறகு திரும்ப வா என்று கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

ஒன்று சொல்கிறேன், நீயும் கவனித்திருப்பாய். தொழிற்சங்கங்கள் 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்டம் வைத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம்கூட இல்லை. எல்லா விதியையும் ஒன்று விடாமல் கடைப்பிடிப்பது, அவ்வளவுதான். ரயிலோ தபாலோ எதுவானாலும் வேலை தேங்கிப் போகிறது. அப்படியென்றால் மற்ற நாட்களில் எப்படி ஓடுகிறது? ஆட்கள் தினமும் தங்கள் புத்தியைப் போட்டு, எது அவசியம், எதை இன்று விட்டுவிடலாம் என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள். மேலே இருப்பவர்களுக்கும் அது தெரியும், தெரிந்துதான் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள். என்றைக்கு ஏதாவது சத்தம் கேட்கிறதோ அன்றைக்கு விதிப்புத்தகம் மேசைக்கு வருகிறது. நீ எத்தனை வருஷமாக அந்த அலுவலகத்தை இப்படி ஓட்டிக்கொண்டிருந்தாய்? அதற்கெல்லாம் மெமோ வரவில்லையே.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் நானும் ஒரு தடவை அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள்தான். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது. லிஃப்ட் ஒன்று தளத்துக்கு ஒரு அடி கீழே நின்றுவிட்டது. உள்ளே தனியாக ஒரு வயதான அம்மாள். பராமரிப்பு நிறுவனத்தின் மெக்கானிக் வந்துதான் திறக்க வேண்டும் என்பது விதி. அது வெறும் விதியும் இல்லை. பாதியில் நின்ற லிஃப்டைத் தெரியாத ஆட்கள் திறந்து, லிஃப்ட் நகர்ந்தோ கால் தவறிக் குழிக்குள் விழுந்தோ செத்திருக்கிறார்கள். லிஃப்ட் ஆபரேட்டர் இருபது நிமிஷம் காத்திருந்தார். பிறகு மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, சுவிட்சுக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்தி, கதவைத் திறந்து அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக மேலே ஏற்றினார். மெக்கானிக் வந்தது ஒரு மணி நேரத்துக்குப் பிறகு.

விசாரணைக் குழுவில் மூன்று பேர், நான் ஒருத்தி. ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டோம். "அவங்க மூச்சு வாங்குற சத்தம் மாறிடுச்சு" என்றார். அதை நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. சத்தத்துக்குச் சாட்சியம் கிடையாதே. கடைசியில் அறிக்கையில், 'நோக்கம் நல்லதே. எனினும் நடைமுறை மீறப்பட்டுள்ளது' என்று எழுதினோம். ஒரு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தம். அந்த 'எனினும்' நான் போட்ட வார்த்தை. நடுநிலையாக இருப்பதாக அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

ஏழெட்டு மாதம் கழித்து லிஃப்ட் மறுபடியும் நின்றது. நான் அந்தப் பக்கமாகப் போனேன். உள்ளே இரண்டு மூன்று பேர் தட்டுகிறார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்று, கதவு இடுக்கில் வாயை வைத்து, பயப்படாதீங்க, ஆள் வர்றாங்க, என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. மெக்கானிக் வரும்வரை அசையவில்லை. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வணக்கம் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

கையைக் கட்டி நிற்பவருக்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை, கவனி. 1988 ஜூலை 6 இரவு வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் வரும் என்று தங்கும் பகுதியில், சொல்லிக்கொடுத்தபடி காத்திருந்தவர்களில் பலர் புகையில் போனார்கள். கடலில் குதிக்காதே என்பதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம். குதித்தவர்களில் பலர் பிழைத்தார்கள். அந்த மேடையோடு குழாயால் இணைந்திருந்த மற்ற மேடைகளிலிருந்து எண்ணெயும் வாயுவும் உடனே நிற்கவில்லை. நெருப்பு தெரிந்தும், உற்பத்தியைத் தாங்களாகவே நிறுத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ள அங்கே தயங்கினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் அதற்கு முன்னால் எத்தனை மெமோ பார்த்தவர்களோ.

விமானத் துறையில் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள், அது உன் பதிலுக்கு உதவும். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் போன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார்களே, 155 பேரும் பிழைத்தார்கள். விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாமோ என்று பின்னால் சிமுலேட்டரில் சோதித்தபோது, பறவை மோதிய கணமே திரும்பிய சில முயற்சிகள் ஓடுபாதையை அடைந்தன. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள 35 வினாடி சேர்த்துப் பார்த்தார்கள்; அடைய முடியவில்லை. உன்னை விசாரிப்பவர்கள் எல்லாம் தெரிந்த பிறகு உட்கார்ந்து கேட்கிறார்கள். உன் 35 வினாடியை நீதான் எழுதிக் காட்ட வேண்டும்.

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விசாரணைக்கு ஒரு சோதனை சொல்லியிருக்கிறார்: இதே பயிற்சியும் அனுபவமும் உள்ள வேறொருவரை அதே இடத்தில் நிறுத்தினால் அவரும் இதையே செய்திருப்பாரா? உன் விளக்கத்தில் இதைக் கேள்வியாகவே வை. அந்த அறைக்கு வெளியே நின்ற வேறொரு அலுவலர் என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லச் சொல். எழுத மாட்டார்கள்.

அப்புறம் சில காரியங்கள். யாருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தாய் என்பது உன் போனில் இருக்கும்; இன்றே குறித்துக்கொள், படமும் எடுத்து வை. உலர்த்திய பதிவேடுகளை எண்ணி ஒரு பட்டியல் போடு. 'வருத்தம் தெரிவிக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடும் என்று உன் மேலாளர் சொன்னாராமே, சேர்க்காதே. அந்த ஒரு வரியைத்தான் பிறகு கோப்பில் பார்ப்பார்கள். பூட்டின் விலையை வேண்டுமானால் கொடுத்துவிடு. ரசீது மட்டும் வாங்கிக்கொள், எனக்கு ஒரு நகல் வேண்டும், சட்டம் போட்டு மாட்டி வைக்கிறேன்.

காவலாளியைப் பற்றி நீ மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. அவர் ஒப்பந்த ஆளாக இருந்தால் மெமோகூட வராது, அடுத்த மாதம் வாசலில் வேறு ஆள் நிற்பார். பூட்டை உடைக்கச் சொன்னது நான், அவர் என் சொல்லைக் கேட்டுத்தான் செய்தார் என்று விளக்கத்தின் முதல் பத்தியிலேயே எழுது. கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, 'எனினும்' எங்கேயாவது இருந்தால் அடித்துத் தருகிறேன்.

மகள் கதை அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி