தகட்டுல எதப் பூசிட்டு வரையறது

அன்பு பாப்பா,

நீ அனுப்புன ஃபோட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். உளியால வெட்டுறதுக்கு நீ வரைஞ்ச படர்கொடி டிசைன் நல்லா வந்திருக்கு, ஆனா பென்சில் கோடு தகட்டுல பாதிதான் நிக்குது, மீதி வழுக்கிட்டுப் போயிருக்கு. அதான் எதப் பூசிட்டு வரையணும்னு கேட்டிருக்க. ஃபோன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு வெச்சுருவ, அதனால உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

பூச்சு உன் டிசைன கடைசி வரைக்கும் காப்பாத்தணும்னு அவசியமே இல்லம்மா. பென்சில் கோட்டு மேல நீ ஸ்க்ரைபர் ஊசியால மெல்லிசா கீறி முடிக்கிற வரைக்கும் நின்னா போதும், அப்புறம் கழுவி விட்டுட்டு அந்தக் கீறலப் பாத்துதான் உளி ஓட்டணும். எது ஸ்ட்ராங், எது அழியாதுன்னு தேடிக்கிட்டு இருக்காத.

பித்தளைத் தகட்டுலயும் வெள்ளியிலயும் பழகுற உனக்கு சைனீஸ் வைட்தான் சரி. டியூப்ல வர்ற வாட்டர்கலர், ஜிங்க் ஆக்சைடு. அது நீ இருக்குற நாட்டுச் சரக்குதான், லண்டன்ல வின்சர் அண்ட் நியூட்டன்காரங்க 1834லயே விக்க ஆரம்பிச்சது, நான் இங்க சிங்கப்பூர்ல பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் வரைக்கும் போய் வாங்குறேன், உனக்கு பர்மிங்ஹாம்ல ஈசியா கிடைக்கும். மொதல்ல தகட்ட பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுக் கழுவி, ஆல்கஹால்ல தொடச்சிரு, விரல் எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் வைட் ஒட்டாம முத்து முத்தா பிரியும். ரொம்ப பாலிஷ் போட்ட தகடுன்னா சுத்தமா இருந்தாலும் பிரியும், அப்ப பெயிண்ட்ல ஒரு சொட்டு சோப்புத்தண்ணி கலந்துக்க. பழைய ஆளுங்க விரல நாக்குல தொட்டுத் தொட்டுப் பூசுவாங்க, நீ அப்படிச் செய்யாத, தண்ணி இருக்கு. பிரஷ்ஷால இழுக்கக் கூடாது, விரல் நுனியால ஒத்தி ஒத்தி எடு, கீழ இருக்குற உலோகம் லேசா சாம்பலாத் தெரியணும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மூடிட்டா ஊசி வெக்கும்போது பொரிஞ்சு வந்துரும், கோடு பிசிறடிக்கும். காஞ்சதும் எச் இல்லாட்டி 2எச் பென்சில், 0.5 மெக்கானிக்கல் போதும், எச்பி வேணாம், அது கையில ஒட்டி ஈஷிக்கும்.

இங்க எனக்கு பெரிய தொல்லையே வேர்வைதான், பூசி வெச்ச பத்து நிமிஷத்துல உள்ளங்கை பட்ட எடமெல்லாம் கரைஞ்சு போயிரும், அதனால கைக்கடியில ஒரு துண்டுப் பேப்பர் வெச்சுத்தான் வரைவேன். வரைஞ்சது மேல ஷெல்லாக், அதாவது அரக்கு வார்னிஷ், ஸ்ப்ரே அடிச்சா நிக்குமேன்னு சொல்லுவாங்க, நிக்கும்தான், ஆனா நம்ம ஊரு ஈரக்காத்துல சில நாள் அதுவே பால் மாதிரி வெளுத்துப் போகுது. உனக்கு அங்க அந்தப் பிரச்சினை கம்மியாத்தான் இருக்கும், வேணும்னா லேசா அடிச்சுக்க.

வைட் கையில இல்லாத நாள்ல பிளாஸ்டிசின், அதான் பிள்ளைங்க விளையாடுற களிமண், அந்த உருண்டைய தகட்டு மேல அங்கங்க ஒத்தி எடுத்துப் பாரு, ஒரு மெல்லிசு மங்கல் படியும், பென்சில் அதுல நல்லா புடிக்கும். சின்ன வேலைக்கு, ஒரு மோதிரத்துல ரெண்டு எழுத்து வெட்டுறதுக்கெல்லாம் எனக்கு இதுதான் புடிக்கும், கழுவுறதும் சுலபம்.

டைகெம் நீலம், அதான் கோடு கீறுறதுக்கு உலோகத்துல பூசுற நீல மை, அதப் பத்திக் கேட்டியே, ஜூரோங் ஒர்க்ஷாப்புல அச்சு (டை) செய்யுற வேலை பாத்த காலம் பூரா அப்பா கை நீலமாத்தான் இருந்துச்சு. ஸ்டீல்ல அளந்து கோடு போட அத மிஞ்ச ஒண்ணும் கிடையாது, ஊசி பட்ட எடம் பளிச்சுனு தெரியும். ஆனா அது மேல பென்சில் தெரியாது, நேரா ஊசிதான், தப்பாப் போட்டா அழிச்சு மாத்த முடியாது. கொடிக்கு நாலு தடவ வளைச்சுப் பாத்தாத்தான் வளைவு அமையும், அதுக்கு நீலம் ஆகாது.

உன் ஃப்ரெண்டு பிரிண்ட் எடுத்து ஒட்டுறான்னு சொன்னியே, அதுவும் நல்ல வழிதான். லேசர் பிரிண்ட்டா இருக்கணும், டிசைன கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பி பிரிண்ட் போட்டு, கவுத்து வெச்சு அசிட்டோன் நனைச்சு அழுத்துனா பிரிண்ட்டோட டோனர் மை தகட்டுக்கு மாறிடும். இங்க்ஜெட்னா அசிட்டோன்ல நடக்காது, அதுக்கு டமார் வார்னிஷ் மெல்லிசா பூசிட்டு, டிரான்ஸ்பரன்சி ஷீட்ல எடுத்த பிரிண்ட்ட மேல வெச்சுத் தேய்க்கணும். டமார்னா நம்ம குங்கிலியம் ஜாதிப் பிசின்தான், சுமத்ரா பக்கம் தோப்பு தோப்பா மரம் வளத்து எடுக்குறாங்க. ஒரே பேர் இருபது தட்டுல வெட்டணும்னு ஆர்டர் வந்தா நானும் பிரிண்ட்தான் போடுவேன். ஆனா வளையல், மோதிரம் மாதிரி வளைஞ்ச எடத்துல தட்டையான பேப்பர் டிசைன் இழுத்துக்கிட்டுப் போகும், அங்க கையால வரையத் தெரியாதவன் முழிப்பான், அதனால இந்த வருஷம் நீ கையாலயே வரை.

அசிட்டோன் தொட்டா ஜன்னல தொறந்து வெச்சுக்க, குளுருதுன்னு மூடிட்டு பக்கத்துல ஹீட்டர் போட்டுக்கிட்டு செய்யாத, அது சட்டுனு தீப்புடிக்கிற சாமான்.

அம்மா மிளகாத்தூள் பார்சல் போட்டிருக்கா, அதுக்குள்ள என்னோட ஸ்க்ரைபர் ரெண்டும் துணியில சுத்தி வெச்சிருக்கேன். கார்பைடு முனை, கீழ விட்டா நுனி ஒடஞ்சிரும், பிரிக்கும்போது பாத்துப் பிரி. அடுத்த தகட்டுல வைட் பூசுனதும், வரையறதுக்கு முன்னாடியே ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு, தடிப்பா இருக்கா இல்லையான்னு சொல்றேன்.

அப்பா