பந்தயப் புறா சங்கம், சென்னை: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் தனியாக வருகிறது. பரிசுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. அதனால் இந்த அறிக்கையில் இரண்டு விஷயங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: இந்தப் பருவம் ஏன் பாதியில் நின்றது, அடுத்த பருவம் எந்த நிபந்தனைகளோடு நடக்கலாம்.

நம் பாதை வடக்குப் பாதை: புறாக்களை வண்டியில் வடக்கே கொண்டுபோய் விடுகிறோம், அவை சென்னைக்குப் பறந்து வீடு திரும்புகின்றன. வான்வழிக் கணக்கில் நெல்லூர் சுமார் 155 கி.மீ., ஓங்கோல் 270, விஜயவாடா 380, காசிப்பேட்டை 550, பல்லார்ஷா 755, நாக்பூர் 900, போபால் 1,165. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகு தொடங்கி, வெயில் கொளுத்துவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்குக் காலம். பழவேற்காட்டிலும் நேலப்பட்டிலும் வலசைப் பறவைகள் நிறைந்திருப்பதும் அந்தப் பருவத்தில்தான். தெற்கே திருப்பினால் வேடந்தாங்கல். எந்தப் பக்கம் போனாலும் நீர்ப்பறவைகளைத் தவிர்த்துவிட்டுப் பந்தயம் நடத்த முடியாது.

2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டம் சாட்டகுட்லா, கும்மல்லதிப்பா ஊர்களில் பறவைக் காய்ச்சல் வந்தது. நம் புறாக்கள் வீடு திரும்பும் கோட்டுக்குப் பக்கத்து ஊர்கள் அவை. இந்தப் பருவத்தில் இன்னும் வடக்கே இருந்து செய்தி வந்தது. நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸால் இறந்தது 2025 ஜனவரியில் உறுதியானது. பிப்ரவரியில் மேற்கு கோதாவரி (தணுக்கு வட்டாரம்), கிழக்கு கோதாவரி மாவட்டக் கோழிப்பண்ணைகளிலும், சில நாட்களில் விஜயவாடா அடங்கிய என்.டி.ஆர். மாவட்டத்திலும் நோய் உறுதிப்பட்டது. தெலங்கானா அரசு எல்லையில் சோதனைச் சாவடி போட்டு, ஆந்திரக் கோழி லாரிகளைத் திருப்பி அனுப்பியது. விஜயவாடாவும் அதற்கு மேலுள்ள போட்டிகளும் கைவிடப்பட்டது இதனால்தான்.

“தணுக்கு எங்கே, விஜயவாடா எங்கே, நடுவில் 110 கி.மீ. இருக்கிறதே” என்று உறுப்பினர்கள் கேட்டது நியாயம். மத்திய அரசின் செயல்திட்டப்படி நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கி.மீ. தொற்று மண்டலம், 10 கி.மீ. வரை கண்காணிப்பு மண்டலம். அந்த அளவுகோலில் நம் விடுமிடம் வெளியேதான் இருந்தது. ஆனால் வண்டி வட்டத்துக்கு வெளியே மட்டும் ஓடுவதில்லை. சாவடியில் நிறுத்தப்பட்டால், கிரேட்டுகளில் (புறா ஏற்றும் பெட்டிகளில்) அடைபட்ட புறாக்கள் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. 2020 மார்ச்சில் கோழிக்கோட்டில் நோய் வந்தபோது, 1 கி.மீ. வட்டத்துக்குள் கோழிகளோடு வீட்டு வளர்ப்புப் பறவைகளும் அழிக்கப்பட்டன. நம் தெருவில் ஒரு கோழிக்கூட்டில் நோய் உறுதியானால், மாடியில் இருக்கும் ஹோமர் பந்தயப் புறாவுக்கும் அதே கதிதான். இழப்பீட்டுத் தொகை பண்ணைக் கோழி, வாத்துகளை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. ஒரு நல்ல ஜோடிக்கு நாம் கொடுக்கும் விலைக்கு அது ஈடாகாது.

இனி நோயைப் பற்றி. சோதனைகளில் எச்5என்1 கொடுக்கப்பட்ட புறாக்கள் கோழிகளைப் போலக் கொத்துக் கொத்தாகச் சாவதில்லை. எச்சத்திலும் சளியிலும் அவை வெளிவிடும் வைரஸும் மிகக் குறைவு. இதைச் சொல்லிக்கொண்டு எதுவும் செய்யாமல் இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. புறாவுக்கு எதிர்ப்பு அதிகம் என்றாலும் முழு எதிர்ப்பு இல்லை. தவிர, தனக்கு நோய் வராமலே காலிலும் இறகிலும் எச்சத்தைச் சுமந்து வரலாம். பறக்கும்போது அது எங்கும் தொற்று வாங்குவதில்லை. வழியில் இறங்கி வாத்து மேய்ந்த வயலில் தண்ணீர் குடித்தால் வாங்கலாம். அப்படி வந்த ஒரு புறா அடுத்த வாரம் இருபது வீட்டுப் புறாக்களோடு ஒரே கிரேட்டில் ஏறி, ஒரே தொட்டியில் குடிக்கிறதே, அந்த இடத்தைத்தான் நாம் சரிசெய்ய வேண்டும். ஆகவே இந்த ஆண்டு எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை கிரேட் பற்றியவை.

ஒரே ஆளின் புறாக்களை எல்லா கிரேட்டிலும் பிரித்துப் போடுவது நம் பழைய வழக்கம். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பயணம் அமைய வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. நோய்க் காலத்தில் அதைவிடச் சிறந்த பரப்பும் வழி கிடையாது. இனி கிரேட்டில் ஒரு வீட்டுக்கு ஓர் அறை. 90×60 செ.மீ. கிரேட்டில், புறாவுக்கு 300 சதுர செ.மீ. கணக்கில், 18 புறாக்கள் போகும். நான்கைந்து புறா மட்டும் அனுப்புவோருக்காக நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு வைக்கப்படும். கம்பி வலைத் தடுப்பு உதவாது, எச்சம் தெறிக்கும். சேவலையும் பெட்டையையும் பிரிப்பது எப்போதும்போலவே. தண்ணீர்த் தொட்டி ஒவ்வோர் அறைக்கும் தனி, வெளியிலிருந்து மாட்டுவது. 10 லிட்டர் தண்ணீருக்கு 4 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்) 1 மி.லி. போதும், அதற்கு மேல் போனால் புறா குடிக்காது. பூண்டுச் சாறும் வினிகரும் இந்த வைரஸுக்கு மருந்தாகாது. ஊற்றுவோர் திருப்திக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

அடியில் நெளி அட்டை விரிக்க வேண்டும். செய்தித்தாள் ஈரத்தில் கிழிந்து காலில் ஒட்டும், மரத்தூள் மூச்சில் ஏறும். வண்டி திரும்பியதும் அட்டையை எரித்துவிட வேண்டும்.

கழுவுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டினால் தூசி கிளம்பி, சுரண்டுபவரின் மூச்சுக்குள் போகும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி, தண்ணீரை வடிய விட வேண்டும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. எச்சத்தின் மேலேயே பிளீச் ஊற்றினால் அதன் வீரியம் எச்சத்திலேயே செலவாகிவிடும், வைரஸுக்கு மிச்சமிருக்காது. 4 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு என்றால் 1 சதவீதக் கரைசல். பத்து நிமிடம் நனைந்தபடி இருக்க விட்டு அலச வேண்டும். மாடியில் மாதக்கணக்கில் வெயில் பட்ட பழைய கேன் வெறும் உப்புத் தண்ணீருக்குச் சமம், வாங்கிய தேதியைக் கேனில் எழுதி வையுங்கள். அலுமினியம், துத்தநாகக் கம்பி கிரேட்டுகளை பிளீச் அரிக்கும். அவற்றுக்கு விர்கான் என்ற கிருமிநாசினித் தூள் லிட்டருக்கு 10 கிராம். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு வரும். கையுறையும் என்95 முகக்கவசமும் கழுவும் அனைவருக்கும் கட்டாயம். கடைசியாக நல்ல வெயிலில் இரண்டு நாள். ஈர எச்சத்தில் 4 டிகிரி குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும் இந்த வைரஸ் 37 டிகிரியில் ஆறு நாள் வரை தாங்கும், காய்ந்த பரப்பில் வெயில் பட்டால் அவ்வளவு நிற்காது. சென்னை வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே உதவி. மர கிரேட்டு, மூங்கில் கூடைகளின் இடுக்கில் ஊறியதை எதுவும் எடுக்காது. அவற்றைப் படிப்படியாகக் கைவிடுகிறோம்.

புறாக்கூடு விஷயத்தில் மூன்று விதிகள். புறா பறக்கும் மாடியில் நாட்டுக்கோழியோ சண்டைச் சேவலோ வாத்தோ வளர்ப்பவர் பந்தயத்துக்குப் புறா அனுப்ப முடியாது. நோயைப் பெருக்குவது கோழியும் வாத்தும். அடுத்து, காக்கை. 2021 ஜனவரியில் இந்தூரில் செத்து விழுந்த காக்கைகளில் பறவைக் காய்ச்சல் வைரஸ் கண்டறியப்பட்டது. அமாவாசைச் சோற்றைப் புறாக்கூடு இருக்கும் மாடியில் வைக்காதீர்கள், வேறு இடத்தில் வையுங்கள். குளியல் தொட்டியைப் புறா குளித்து முடித்ததும் கவிழ்த்துவிடுங்கள். மூன்றாவது, தாமதமாக வந்த புறா. போட்டி நாளன்று வராமல் பின்னர் வந்து சேரும் எந்தப் புறாவையும் கூட்டத்தோடு சேர்க்காமல் 14 நாள் தனிக்கூட்டில் வைக்க வேண்டும். நோய் அரும்பும் காலமாக உலக விலங்கு நல அமைப்பு எடுத்துக்கொள்வதும் அந்த 14 நாட்களே. வழி தவறி நம் மாடியில் இறங்கும் அடுத்தவர் புறாவுக்கும் இது பொருந்தும். அதன் கால் வளைய எண்ணை உடனே தெரிவியுங்கள், புறாவைத் திருப்பித் தருவது அதன் பிறகு.

தடுப்பூசி பற்றி ஒரு தெளிவு. கழுத்து திருகி, பச்சையாகத் தண்ணீராகக் கழிந்து, தானியத்தைக் குறி தவறிக் கொத்தும் புறாவைக் கண்டதும் பறவைக் காய்ச்சல் என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அது பாராமிக்சோ வைரஸ், கோழியின் வெள்ளைக் கழிச்சல் வைரஸுக்கு உறவான வைரஸ். ஆனால் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பரிசோதனைதான் சொல்லும். பாராமிக்சோவை ஊசியால் தடுத்துவிட்டால் வீண் சந்தேகம் குறையும். பிரிட்டனில் பந்தயத்துக்கும் கண்காட்சிக்கும் போகும் புறாவுக்கு இந்த ஊசி சட்டப்படி கட்டாயம். இங்கே நாம் அதைச் சங்க விதியாக வைக்கிறோம். பருவத்துக்கு ஆறு வாரம் முன்பே கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், கழுத்தின் அடிப்பகுதியில் தோலுக்கடியில் போட வேண்டும். மண்டைக்கு அருகில் குத்தினால் ரத்தக் குழாய் கிழிந்து புறா கையிலேயே செத்துவிடலாம். கோழிக்கு வெள்ளைக் கழிச்சலுக்குக் கொடுக்கும் லசோட்டா சொட்டு மருந்தை மட்டும் நம்பாதீர்கள், அதன் பாதுகாப்பு ஒரு பருவத்துக்கு நிற்காது.

திடீரென ஒன்றுக்கு மேற்பட்ட புறாக்கள் செத்தால் அறுத்துப் பார்க்கக் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, பனிக்கட்டியில் வைத்து, பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். இறுதி முடிவு போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்திலிருந்து வரும். நம் நெடுந்தூரப் பந்தயம் கிளம்பும் அதே ஊர்தான்.

“மேற்கே வேலூர், கிருஷ்ணகிரி பக்கம் திருப்பலாமே” என்று வந்த யோசனையை இந்தப் பருவத்தில் ஏற்கவில்லை. வடக்கிலிருந்து வரப் பழகிய புறாவை நடுப்பருவத்தில் வேறு திசையில் விட்டால் இழப்பு அதிகம், ஜவ்வாது மலைப் பக்கம் வல்லூறு தொல்லையும் உண்டு. மாற்றுப் பாதை வேண்டுமென்றால் இளம்புறாக்களை இப்போதே 15, 30, 60 கி.மீ. என்று புதிதாகப் பழக்க வேண்டும். அப்படிப் பழக்கியவர்களுக்கு மட்டும் அடுத்த பருவத்தில் தெற்கே விழுப்புரத்திலிருந்து, சுமார் 150 கி.மீ., ஒரு தனிப் போட்டி வைக்கச் செயற்குழு விரும்புகிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வருபவை: வீட்டுக்கு ஓர் அறை விதி, தடுப்பூசிச் சான்று இல்லாத புறாவுக்குப் பந்தய ரப்பர் வளையம் மாட்டுவதில்லை என்ற விதி, விடுமிடம் இருக்கும் மாவட்டத்திலோ அதை ஒட்டிய மாவட்டத்திலோ நோய் உறுதியானால், கிரேட் ஏற்றிய பிறகானாலும் போட்டியை நிறுத்தும் அதிகாரம் செயலாளருக்கு, அவ்வாறு நின்றால் நுழைவுக் கட்டணத்தில் வண்டிச் செலவு போக மீதியைத் திருப்பித் தருவது. கிரேட் வாங்கும் நிதிக்குத் தனிச் சந்தா கேட்கப்படுகிறது. தொகையைப் பொருளாளர் முன்மொழிவார்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்