மரக்கறி எண்டு எழுதினா மீன் சோஸ் இருக்கக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கட அயலில தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை ஒண்டு திறந்திருக்கினம், நாலைஞ்சு மேசையும் பிளாஸ்டிக் கதிரையும்தான், ஆனா சாப்பாடு உண்மையிலயே திறம். இதை முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டா நான் எழுதுற விசயத்தைப் பாத்திட்டு ஆரும் அங்க போகாம விடக்கூடாது.

டொம் யம் றால் சூப்பைக் கொண்டுவந்து வைக்கேக்கயே லெமன் கிராஸும் தேசியிலையும் மணக்கும், உறைப்பும் புளிப்பும் ஒண்டா ஏறும், ஒடியல் கூழ் குடிச்சுப் பழகின எங்கட சனத்துக்கு அது கட்டாயம் பிடிக்கும். 2024 டிசம்பரில யுனெஸ்கோ தன்ர மரபுரிமைப் பட்டியலில சேர்த்த சூப் அது. பாட் தாய் நூடில்ஸுக்குப் புளியோட எங்கட பனங்கட்டியைத்தான் போடுகினம், அடுப்படித் தட்டில குட்டான் குட்டானா அடுக்கியிருக்கு. தாய்லாந்தில பெட்சபுரிப் பக்கமும் பனையில இறக்கித்தான் சீனி காய்ச்சுறவை, அதால ருசி மாறவே இல்லை.

பிரச்சினை என்னெண்டா போர்டில "மரக்கறி பாட் தாய்", "மரக்கறி பச்சைக் கறி" எண்டும் எழுதியிருக்கு. வெள்ளிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனதால ஓடர் குடுக்க முன்னம் மீன் சோஸ் போடுறனீங்களோ எண்டு கேட்டன். அந்தத் தம்பி ஒண்டும் மறைக்கேல்ல, "ஓம் அக்கா, அது போடாட்டி டேஸ்ட் வராது, கறிப் பேஸ்ட்டிலயும் றால் இருக்கு" எண்டு சொன்னார். நான் கேட்டதால தெரிஞ்சுது, கேக்காம சாப்பிட்டிட்டுப் போற சைவச் சனம் எத்தினை பேர்? நெத்தலியையும் உப்பையும் மாதக்கணக்கா ஊறவிட்டு வடிக்கிற தண்ணிதான் மீன் சோஸ், கறியில கலந்தாப் பிறகு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நல்லூர்க் கொடியேறினா 25 நாளும் மச்சம் தொடாத வீடுகள் இருக்கிற ஊர் இது. இந்தக் கடையை மட்டும் குறை சொல்லேல்ல, மரக்கறி பிறைட் றைஸுக்குச் சிப்பியில செய்யிற ஒயிஸ்டர் சோஸ் ஊத்துற இடங்களும் இருக்கு. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையளுக்கும் இதே கதைதான், பாட் தாயில கடலையை இடிச்சுத் தூவுறவை, அதையும் எழுதத்தானே வேணும்.

மீன் சோஸ் இல்லாட்டி ருசி வராது எண்டுறதை நான் ஏற்கமாட்டன். தாய்லாந்திலயே வருசா வருசம் செப்டெம்பர், ஒக்டோபர் மாதிரி ஒன்பது நாள் மரக்கறித் திருவிழா நடக்கிறது, புக்கெட்டில பெரிசாச் செய்வினம், அந்த நாளில கடையளில மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்தால எழுதித் தொங்கவிடுவினம், சனம் கொடியைப் பாத்தே உள்ளுக்குப் போகும். மீன், முட்டை மட்டுமில்லை, உள்ளி வெங்காயம்கூட அதில சேராது. சோயா சோஸும் உப்பும் காளானும் வைச்சே அவை அந்தச் சமையலைச் செய்யேக்க இங்க ஏலாதோ?

கடை நடத்துறவை றால் போடாத பேஸ்ட்டை வேறயா அரைச்சு வைச்சு, மரக்கறிக்கெண்டு தனித் தாச்சி ஒண்டும் பாவிக்கவேணும். அதுவரைக்கும் போர்டில "மீன் சோஸ் சேர்க்கப்பட்டது" எண்டு ஒரு வரி எழுதினாலே காணும். குசினி பாக்க வாற சுகாதாரப் பரிசோதகர்மாரும் மரக்கறி எண்டு போட்டிருக்கிற சாப்பாட்டுக்கு என்ன சோஸ் ஊத்துகினம் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டும். தனித் தாச்சி வந்திட்டுதெண்டா வெள்ளிக்கிழமையில எங்கட வீட்டு ஓடரும் அந்தக் கடைக்குத்தான்.

வாசகி ஒருவர்,
யாழ்ப்பாணம்.