பழவேற்காடு முகத்துவாரத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் எங்கள் ஊர் பழவேற்காட்டைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். என் கடைக்கு இருபது வருடமாக உங்கள் பேப்பர்தான் வருகிறது, அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்தப் படம். ஏரியில் மார்பளவு தண்ணீரில் நாலு பெண்கள். கீழே 'ஏரியில் நீராடி மகிழும் கிராமத்துப் பெண்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அவர்கள் குளிக்கவில்லை. அவர்கள் இருளர் பெண்கள், வேலை பார்க்கிறார்கள். படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொருவர் வாயிலும் ஓலையில் பின்னிய ஒரு பறி தொங்கும். அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்கடியில் சேற்றில் விட்டுத் தடவித் தடவி, விரலில் தட்டுப்படும் இறாலை அமுக்கிப் பிடித்து அந்தப் பறியில் போடுவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது, கைதான். காலையில் இறங்கினால் பல மணி நேரம் தண்ணீரிலேயே கிடப்பார்கள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது, பேசினால் பறி போய்விடும். அதில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கரையேறி வந்து என் கடையில் டம்ளர் அளவுக்கு ஐஸ் கேட்பார்கள், அன்றைக்குக் கிடைத்த இறால் விற்கிற வரைக்கும் கெடாமல் இருக்க அது போதும், நான் காசு வாங்குவதில்லை. திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தது, 'தூங்கி வழியும் சிற்றூர்' என்ற தலைப்பு. உங்கள் நிருபர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கியிருப்பார். அந்த நேரத்தில் ஊர் தூங்கும்தான், ஏனென்றால் ஊர் எழுந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. எனக்கு ஐஸ் வியாபாரம். லாரியில் ஐஸ் பார் வந்து இறங்கும்போது மணி இரண்டரை, மூணு. உமி சாக்கைப் போட்டு மூடி வைத்து, நாலு மணிக்கெல்லாம் மரக்கட்டையால் அடித்து உடைக்க ஆரம்பித்துவிடுவோம். படகுகள் வந்து, கூடை கூடையாகக் கொட்டி, ஏலம் விட்டு, பொன்னேரிக்கும் சென்னைக்கும் போகிற குட்டியானை வண்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மணி ஒன்பது ஆகியிருக்கும். நண்டு வியாபாரம் தனி, அதற்கு ஐஸ் வேண்டாம், கழிநண்டு உயிரோடுதான் போகவேண்டும், கொடுக்கை மடக்கிக் கட்டிக் கூடையில் அடுக்கினால் அது சென்னை போய் அங்கிருந்து விமானம் ஏறி வெளிநாட்டுக்கே போய்விடும், என்னை விட அதிகம் ஊர் பார்த்த நண்டுகள். இவ்வளவும் முடிந்த பிறகு தூங்காமல் என்ன செய்வது.

சரி, ஏரிக்கு வருகிறேன். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் அதில் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, எங்கள் பக்கம் இருப்பது வால். ஆனால் கடலோடு பேசுகிற முக்கியமான வாய் இந்த வால் பக்கத்தில்தான் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் இருக்கும் அந்த முகத்துவாரத்தைப் பற்றி உங்கள் முழுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, அதுவும் 'சூரிய உதயம் பார்க்க ஏற்ற இடம்' என்று. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

முகத்துவாரம் என்றால் என்ன என்று சொல்கிறேன். இறால் முட்டை போடுவது கடலில். குஞ்சு பொடியாக இருக்கும்போதே அலையோடு இந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்து, இங்கே சேற்றிலும் பாசியிலும் மேய்ந்து சில மாதம் வளர்ந்து, மறுபடி இதே வழியாகக் கடலுக்குப் போகும். போகிற வழியில்தான் எங்கள் ஆட்கள் வலை கட்டிக் காத்திருப்பார்கள். மடவை மீனும் அப்படித்தான் உள்ளே வந்து போகும். மழைக்காலத்தில் ஆரணி ஆறும் வடக்கே காளாங்கியும் தண்ணீரைக் கொண்டுவந்து தள்ளும், அந்த வேகத்தில் வாய் அகலமாகத் திறந்துகொள்ளும், ஏரித் தண்ணீர் அப்போது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மாசி, பங்குனி வந்தால் ஆற்றில் தண்ணீர் இல்லை, உள்ளிருந்து தள்ளுவதற்கு ஆளில்லை, தெற்குக் காற்று கிளம்பிவிடும், கடல் கரையோரமாகவே மணலை வடக்கு நோக்கி இழுத்து வந்து வாயில் கொட்டும். முதலில் முட்டி அளவு, அப்புறம் கணுக்கால் அளவு, ஒருநாள் காலையில் பார்த்தால் பையன்கள் அந்த மேட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். அன்றிலிருந்து ஏரி ஒரு பெரிய உப்புச் சட்டி. வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றி, கடலை விட உப்பாகிவிடும். புதுக் குஞ்சு உள்ளே வராது. கடலுக்குப் போகிற ஃபைபர் படகுக்கு வழி கிடையாது, மேட்டில் தள்ளிக்கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் அலை உடைகிற இடத்தில் ஆபத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போகவேண்டும்.

எனக்கு இதைப் பார்க்க முகத்துவாரத்துக்குப் போகவே வேண்டாம். ஐஸ் போகாவிட்டால் வாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். நாற்பது பார் உடைக்கிற இடத்தில் பத்து பார் உடைப்பேன், மிச்சம் உமிக்குள் கிடந்து அழுதுகொண்டே கரையும்.

இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது, பாடு முறை. ஏரியில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. நல்ல இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டித்தான். அந்த இடங்களைப் பாடு என்று பிரித்து, சீட்டுக் குலுக்கி, இந்த நாள் இந்தக் கூட்டத்துக்கு, அடுத்த நாள் அடுத்தவருக்கு என்று முறை வைத்துப் பிடிப்பது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். இந்தப் பாட்டில் இடம் உள்ளவர்களும் உண்டு, இடம் இல்லாதவர்களும் உண்டு, அதை வைத்துச் சண்டை வந்ததும் உண்டு, மேலே சொன்ன இருளர் பெண்களுக்கு எந்தப் பாட்டிலும் சீட்டு கிடையாது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் புரியவேண்டியது இதுதான்: முறை வைத்துப் பிடிக்கிற ஊரில் ஒருவருடைய நாள் வருகிறபோது வாய் அடைத்துக் கிடந்தால் அந்த நாள் போனதுதான். அதை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். போன கோடையில் என் கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவர், பெயர் வேண்டாம், மூன்று முறை தொடர்ச்சியாக வெறும் வலையோடு வந்தார். நாலாவது முறை வந்தபோது "அண்ணே, ஐஸ் வேணாம், டீக்கு இருந்தா குடு" என்றார். பெண்ணுக்குக் கல்லூரியில் பணம் கட்டவேண்டிய மாதம் அது.

அடைத்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டல் போட்டு, இயந்திரம் வாடகைக்குப் பிடித்து, கூடவே ஆம்பளைகள் மண்வெட்டியோடு இறங்கி வெட்டுவோம். வெட்டிய வாய் சில நாள் இருக்கும், சில நேரம் ஒரே வாரத்தில் மூடிக்கொள்ளும். எத்தனையோ வருடம் மனுக் கொடுத்த பிறகு, இரண்டு பக்கமும் கல் கொட்டிக் கடலுக்குள் சுவர் நீட்டி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்கிற திட்டம் வந்தது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் ஒரு பக்கம் கல் போட்டால் மணல் இன்னொரு பக்கம் தன் வேலையைக் காட்டும் என்பதை இந்தக் கரையில் பிறந்த சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதனால் சுவர் போட்டாயிற்று, கதை முடிந்தது என்று யாரும் கையைத் தட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. தினமும் பார்க்கவேண்டும்.

உங்கள் கட்டுரையில் பாதிக்கு மேல் டச்சுக்காரர் கல்லறைதான். தவறில்லை, வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள், நானே சொந்தக்காரர் வந்தால் அங்கேதான் கூட்டிப்போவேன். 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்செடியும் மண்மேடும்தான். ஆனால் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஏன் இந்த ஊருக்கு வந்தார்கள்? ஏரி இருந்ததால், சுற்று ஊர்களில் தறி ஓடியதால். மலேசியாவில் இன்றும் கைலிக்குப் 'பெலிகாட்' என்று பேர், அது எங்கள் ஊர்ப் பேர்தான். துணி ஏற்றிப் போனதை எழுதினீர்கள். அதே டச்சுக் கப்பல்களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமையாகப் பிடித்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிப் போனதை எழுதவில்லை. கல்லறையில் பேர் வெட்டிக் கிடப்பவர்கள் ஏற்றியவர்கள். ஏறியவர்களுக்குக் கல் கிடையாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதை உடனே திருத்தவேண்டும். 'பழவேற்காடு வந்தால் படகுச் சவாரியைத் தவறவிடாதீர்கள்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். 2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். உயிர்காப்பு உடுப்பு ஒருவருக்கும் இல்லை. அன்று ராத்திரி வரிசையாகப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்த யாரும் சவாரி என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாச் சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கி, "ஒரு ரவுண்டு போலாமா, எவ்ளோ கேப்பீங்க" என்று மீன் பிடிக்கிற ஆளைப் பிடித்து நச்சரிக்கிறார்கள். ஏரி ஆழமில்லை, பல இடத்தில் இடுப்பளவுதான், அதைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் இழுக்கிற இழுப்பு இடுப்பளவில் தெரியாது. பூநாரை பார்க்க வேண்டுமா, குளிர்காலத்தில் வாருங்கள், கரையிலிருந்து தூரக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அது மனித வாடையே இல்லாத முட்டியளவுத் தண்ணீரில்தான் நிற்கும், படகில் போனால் பறந்துவிடும்.

ராக்கெட்டைப் பற்றி எழுதியது மட்டும் சரி. ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே இதே ஏரியை ஒட்டிய தீவுதான். முதலில் வெளிச்சம் ஏறிப்போகும், எல்லோரும் கை தட்டி முடித்த பிறகு ஆற அமரச் சத்தம் வந்து கடை ஷட்டரை ஆட்டும். ஏவுகிற நாளில் அந்தப் பக்கம் கடலில் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும், அது எத்தனை மணிக்கு, எத்தனை நாள் என்று உங்கள் பேப்பரிலேயே முன்கூட்டி வந்துவிடுகிறது.

இப்போது கோரிக்கை. தினமும் உங்கள் இரண்டாம் பக்கத்தில் மேட்டூர் அணை எத்தனை அடி என்று போடுகிறீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர் என்று போடுகிறீர்கள். தங்கம் கிராமுக்கு எவ்வளவு என்று, வாங்க முடியாத நானும் தினமும் படிக்கிறேன். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: 'பழவேற்காடு முகத்துவாரம்: திறந்திருக்கிறது' அல்லது 'அடைத்திருக்கிறது'. மாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் போட்டால் போதும், ஐப்பசி வந்தால் மழை பார்த்துக்கொள்ளும். ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் முகத்துவாரம் அடைத்தது செய்தியாவது ஆட்கள் சாலை மறியல் செய்கிற அன்றைக்கு மட்டும்தான். அதுவும் 'மீனவர்கள் மறியல், போக்குவரத்து பாதிப்பு' என்று. அடைத்து நாற்பது நாள் ஆகியிருக்கும், பேப்பரில் அன்றுதான் முதல் நாள். தினமும் அடைத்திருக்கிறது, அடைத்திருக்கிறது என்று அச்சில் வந்துகொண்டே இருந்தால் திருவள்ளூரில் உட்கார்ந்து அதைப் படிக்கிற ஒரு அதிகாரியாவது பத்தாவது நாளில் என்ன சங்கதி என்று கேட்பார். எங்கள் ஆட்களும் இத்தனையாம் தேதியிலிருந்து அடைத்துக் கிடந்தது என்று நிவாரணம் கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

நிருபரை அனுப்பச் சொல்லவில்லை. விவரம் நானே தருகிறேன். என் போன் நம்பரைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன், அதை அச்சில் போடவேண்டாம். காலை ஐந்து மணிக்கு அடியுங்கள், ஐஸ் உடைக்கிற சத்தத்தில் ஒருவேளை கேட்காது, மறுபடி அடியுங்கள்.

இன்று காலை நிலவரம்: திறந்திருக்கிறது. தெற்குக் கரையிலிருந்து மணல் நாக்கு நீட்டத் தொடங்கியிருக்கிறது. ஐஸ் 31 பார்.

இப்படிக்கு,
ஐஸ் வியாபாரி,
பழவேற்காடு