‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதித் தரும் பழுதுபார்ப்பு நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் மடிக்கணினிப் பழுதுபார்ப்பு நிலையங்களை நடத்துவோருக்கும், முகப்பில் அமர்ந்து கணினிகளைப் பெற்றுக்கொள்வோருக்கும், உள்ளே அவற்றைத் திறந்து பார்ப்போருக்கும் வணக்கம்.

நான் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, நினைவஞ்சலி, தைப்பூசக் காலத்தில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கும் குழுக்களின் துண்டறிக்கை ஆகியவற்றைக் கொண்டே என் பிழைப்பு நடக்கிறது. இந்த மடலில் நான் பேசவிருப்பது, ஒரு நேரம் வேலை செய்து மறு நேரம் செய்யாமல் போகும் விசைகளைப் பற்றி. அடியோடு செத்துப்போன விசையைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. அதை நீங்கள் ஒருமுறை தட்டியதுமே கண்டுகொள்கிறீர்கள். விட்டுவிட்டுக் கெடும் விசையைத்தான் உங்கள் சோதனை முறை நல்ல விசை என்று சான்று கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

தமிழ் தட்டுகிறவருக்கு இந்தக் கோளாறு என்ன செய்கிறது என்பது ஆங்கிலத்தில் மட்டும் தட்டிப் பார்ப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் விசைமுறை. அதில் ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டே தமிழைத் தட்டுகிறோம். மெய்யை அடுத்து ஆங்கில ‘ஏ’ (A) விசையை ஒருமுறை தட்டினால் குறில், இருமுறை தட்டினால் நெடில், தட்டாமல் விட்டால் புள்ளி வைத்த மெய். ஆகவே அந்த ஒரு விசை இரண்டு தட்டலில் ஒன்றை விழுங்கினால் போதும், நெடில் குறிலாகிவிடும். ‘படம்’ என்பது ‘ப்ட்ம்’ என்று விழுந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். ‘மாலை’ என்பது ‘மலை’ என்று விழுந்தால் படாது. எழுத்துப்பிழை திருத்தியும் வாய் திறக்காது, மலையும் நல்ல தமிழ்ச் சொல்தானே. ‘மலை 6.30 மணிக்கு வரவேற்பு’ என்று அச்சான 300 அழைப்பிதழ்களை என் கைக்காசில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். துண்டறிக்கை ஒன்றில் ‘பால்குடம்’ ‘பல்குடம்’ ஆகியிருந்ததை, நல்லவேளையாக, அச்சுக்குப் போகுமுன் குழுத் தலைவரின் மகள் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

கணினியை உங்களுள் ஒருவரிடம்தான் கொண்டுசென்றேன். பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. முகப்பில் இருந்த தம்பி மரியாதையாகவே நடந்துகொண்டார். விசைகளைச் சோதிக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு விசையையும் ஒருமுறை தட்டி, திரையில் இருந்த கட்டங்கள் எல்லாம் பச்சையாவதை எனக்குக் காட்டினார். இரண்டு நாள் வைத்திருந்து, விசைகளின் இடுக்குகளில் காற்றடித்துத் துடைத்து, ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதிய தாளுடனும் 60 ரிங்கிட் சோதனைக் கட்டணத்துடனும் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்கு வந்து வேலையைத் தொடங்கிய முக்கால் மணி நேரத்தில் ‘ஏ’ மறுபடியும் தட்டல்களை விழுங்கத் தொடங்கியது.

அந்தத் தாளில் இருந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தபோது பழுது இல்லைதான். குளிரூட்டிய அறையில், அப்போதுதான் இயக்கிய கணினியை, ஆடாத மேசையில் வைத்து, கை மணிக்கட்டு எதன் மீதும் படாமல், ஒரு விரலால் மூன்று நிமிடம் தட்டிப் பார்த்தால் அந்தப் பழுது எப்படி வெளியே வரும்? என் கடையில் அதே கணினி ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடுகிறது. இடக்கை மணிக்கட்டு முழுநேரமும் அதன் முன்விளிம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே சுழல்வது மின்விசிறி மட்டுமே.

அன்றிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டுரைப் புத்தகத்தில் குறிப்பு எழுதத் தொடங்கினேன்: எந்த விசை, எத்தனை மணிக்கு, இயக்கி எவ்வளவு நேரம் கழித்து, திரை எந்தச் சாய்வில் இருந்தது. கூடவே சில சோதனைகளையும் செய்தேன். விண்டோஸில் ‘ஃபில்டர் கீஸ்’ என்றொரு வசதி உண்டு. வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திப் பிடித்தால், நாம் அறியாமலே அது தொடங்கிவிடலாம், தொடங்கிவிட்டால் விரைவான தட்டல்களைக் கணினி கண்டுகொள்ளாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று உங்களிடம் ஓடிவருவோரில் சிலருக்கு இதுதான் காரணமாக இருக்கும், அதில் உங்கள் பொறுமையை நான் பாராட்டவே செய்கிறேன். என்னுடையதில் அது அணைந்தே இருந்தது. வெளியே ஒரு யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகித் தட்டினால் நாள் முழுக்க ஒரு பிழையும் இல்லை. பிறகு, கணினி நன்றாகச் சூடேறியிருந்த ஒரு பிற்பகலில், மறுபடி இயக்கி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் நுழைந்து, கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் ‘ஏ’ விசையைப் பத்து முறை தட்டினேன். விழுந்தவை ஏழு புள்ளிகள். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன். விண்டோஸ் இன்னும் கண் விழிக்காத இடத்திலேயே விசை தவறுகிறது என்றால், குற்றம் மென்பொருளில் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

குறிப்பேடு இன்னொன்றையும் காட்டியது. ‘ஏ’ அடிக்கடி பயன்படுவதால் அதன் தவறு மட்டும் எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அது தவறும் நேரங்களில் ‘1’ விசையும் ‘டேப்’ (Tab) விசையும் ‘கேப்ஸ் லாக்’ எனும் பெரிய எழுத்து விசையும்கூடத் தவறிக்கொண்டிருந்தன. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன்: மடிக்கணினியின் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. விசைகளுக்கு அடியில் மெல்லிய நெகிழித் தாள்களில் மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, பல கணினிகளில் ஒரு திசையில் 8, மறு திசையில் 16 என்ற அளவில், அச்சிடப்பட்டிருக்கின்றன. விசையை அழுத்தும்போது ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன, அந்தச் சந்திப்பை வைத்தே எந்த எழுத்து என்று கணினி அறிகிறது. ஒரு விசை மட்டும் தவறினால் அதன் அடியில் தூசியோ, தேய்ந்த இரப்பர் குமிழோ, உடைந்த பிடியோ இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோலத் தெரியும் விசைகள் சேர்ந்தே தவறிச் சேர்ந்தே திரும்பினால், அவற்றுக்குப் பொதுவான கோட்டில்தான், அல்லது அந்தக் கோடுகளைச் சேர்த்து மதர்போர்டுக்குக் கொண்டுசெல்லும் தட்டையான ரிப்பன் கேபிளில்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும். அங்கே காற்றடித்துப் பயனில்லை.

இதையெல்லாம் சொல்லி இரண்டாவது முறை அதே நிலையத்துக்குக் கொண்டுசென்றபோது, குறிப்பேட்டை வாங்கிப் பார்க்க யாரும் முன்வரவில்லை. இம்முறை விடை வேறாக இருந்தது: விசைப்பலகை அதன் மேல்தட்டோடு நெகிழித் தறையாணிகளால் உருக்கி ஒட்டப்பட்டிருப்பதால் மேல்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டும், 780 ரிங்கிட் ஆகும் என்றார்கள். பழுதே இல்லாத விசைப்பலகை மூன்று வாரத்துக்குள் எப்படி 780 ரிங்கிட் பழுதாக வளர்ந்தது என்று கேட்டேன். அதற்கு விடை சொல்லும் இடத்தில் அந்தத் தம்பி இல்லை என்பதும் எனக்குப் புரிந்தது.

பிறகு ஃபெரியில் ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போனேன். கைத்தொலைபேசிக்கு உறை விற்கும் ஒரு சிறிய கடையின் பின்பக்கத்தில் ஒரு சீன இளைஞர் கணினிகளைப் பழுதுபார்க்கிறார். அவர் மலாயில் கேட்ட முதல் கேள்வி, “எப்போது கெடுகிறது?” என்பதுதான். குறிப்பேட்டை நீட்டினேன். தமிழில் எழுதியிருந்ததால் எண்களை மட்டும் விரல்வைத்துப் பார்த்தார்; எல்லாவற்றிலும் 30 நிமிடம், 40 நிமிடம், 35 நிமிடம் என்றே இருந்தது. கணினியை இயக்கி ஒரு காணொளியை ஓடவிட்டு, என்னைத் தேநீர் குடித்துவரச் சொன்னார். திரும்பியபோது இடது ஓரத்தைக் கட்டை விரலால் லேசாக அழுத்திக்கொண்டே ‘ஏ’ விசையைத் தட்டி, தவறுவதை எனக்குக் காட்டினார். அணைத்து, அடித்தட்டைக் கழற்றி, மின்கல இணைப்பைப் பிரித்தார். என் கணினியில் ரிப்பன் கேபிள் மின்கலத்தின் மேலாகவே செல்கிறது. அதன் முனை செருகியிருந்த இடத்தில், நகத்தளவுகூட இல்லாத கறுப்புத் தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தது. கேபிள் தலைமுடி அளவு கோணலாக இருந்ததை அவருடைய உருப்பெருக்கி வழியாக நானும் பார்த்தேன். சூடேறும்போதும் அழுத்தும்போதும் ஓரத்தில் இருந்த இணைப்பு மட்டும் விலகியிருக்கிறது. முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நேராகச் செருகி, தாழ்ப்பாளை இருபக்கமும் மூடினார். கூலி 40 ரிங்கிட். அதன்பின் ஒரு தட்டல்கூடத் தவறவில்லை.

அந்தக் கேபிள் கோணலானது எப்படி என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. மின்கலம் உப்பித் தொடுபலகையை மேலே தள்ளியதால் அதை மாற்றச் சொல்லி, இந்தத் தொல்லைகள் தொடங்குவதற்கு ஐந்து வாரம் முன்பு, அதே நிலையத்தில்தான் கொடுத்திருந்தேன். வேறு யாரும் கணினியைத் திறந்ததில்லை.

இப்போது உங்களிடம் நான் கேட்பதற்கு வருகிறேன். விட்டுவிட்டுக் கெடும் விசை என்று ஒருவர் சொன்னால், பெறுகைச் சீட்டில் ‘விசைப்பலகைக் கோளாறு’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாமல், எந்தெந்த விசைகள், இயக்கி எவ்வளவு நேரத்தில், எதைச் செய்யும்போது, அண்மையில் யாராவது திறந்தார்களா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் ‘ஏதாவது சிந்தியதா?’ என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்; தே தாரேக் எனும் பால் தேநீரின் சர்க்கரையும் பாலும் காய்ந்து போனாலும் ஈரத்தை இழுக்கக்கூடியவை, மழைநாளில் ஒருவிதமாகவும் வெயில் நாளில் வேறுவிதமாகவும் நடக்கும் விசைக்கு அது காரணமாகலாம். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். உத்தரவாதம் போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். சரிசெய்வதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது, பழுது வரும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். வாடிக்கையாளர் 40 நிமிடம் என்றால் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். விசையை ஒருமுறை தட்டிப் பச்சையானதும் விட்டுவிடாமல் ஐம்பது முறை தட்டி எண்ணுங்கள். ஓரங்களை அழுத்தியும் திரையைச் சாய்த்தும் பாருங்கள். இதற்கு நேரம் பிடிக்கும், நேரத்துக்குக் கூலி உண்டு என்பதை ஒரு கடைக்காரராக நானும் அறிவேன். கேளுங்கள், தருகிறோம். மூன்று நிமிடச் சோதனைக்கு 60 ரிங்கிட் கொடுப்பதைவிட ஒரு மணி நேரச் சோதனைக்கு 100 கொடுப்பதில் எனக்கு வருத்தம் இருக்காது. மேல்தட்டை மாற்ற வேண்டும் என்று விலை சொல்வதற்கு முன் கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகிப் பாருங்கள். அதன் பிறகும் பழுது தென்படாவிட்டால், எத்தனை நேரம், எந்த நிலையில், எப்படிச் சோதித்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை வைத்து அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியும்.

‘நிலையாகக் கெடாததை உத்தரவாதத்தில் எப்படிச் சேர்ப்பது?’ என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆப்பிள் நிறுவனம் 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் கொண்டுவந்த ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகை பெரும் புகார்களுக்கு உள்ளானபோது, 2018 ஜூன் மாதம் அது அறிவித்த இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தில், எழுத்து விழாமல் போவதும் தானே இரட்டித்து விழுவதும் மட்டுமன்றி, விசை சீராக இயங்காததும் தகுதியுள்ள கோளாறாகவே சொல்லப்பட்டிருந்தது. கணினி முதன்முதலில் விற்கப்பட்டதிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு அந்தத் திட்டம் செல்லுபடியானது. அவ்வளவு பெரிய தயாரிப்பாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்டதை, பினாங்கில் ஒரு பெறுகைச் சீட்டில் ஏற்றுக்கொள்ள முடியாதா?

நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருவோர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் அதைச் செய்வார்கள் என்ற உத்தரவாதத்தைப் பயனீட்டாளருக்கு அளிக்கிறது. 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம். நான் அங்கே போகவில்லை, போகும் எண்ணமும் இல்லை. 60 ரிங்கிட்டையும் 300 அழைப்பிதழ்களின் செலவையும் கணக்கில் எழுதி மூடிவிட்டேன்.

குறிப்பேட்டின் படி ஒன்றை இந்த மடலோடு அந்த நிலையத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், கடைக்கு வந்தால் நானே மலாயில் சொல்லித் தருகிறேன். உங்களில் வேறு யாருக்கேனும் வேண்டுமென்றாலும் வரலாம். மாலை 6 மணிவரை கடை திறந்திருக்கும். ‘மாலை’ என்பதை இம்முறை இருமுறை சரிபார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
தமிழ்த் தட்டச்சுக் கடைக்காரர் ஒருவர்,
லிட்டில் இந்தியா, ஜோர்ஜ்டவுன்.