மாணவர்களின் சூழல் அக்கறை: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டாள் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் குறித்து உண்மையிலேயே கவலை உண்டா, தேர்வுக்குப் படிப்பதோடு சரியா என்று கேட்டிருந்தாய். கவலை நிச்சயமாக உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைச் சிறுவயதில் மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்கள்தாம் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியதையும் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்ததையும் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

என் வருத்தமெல்லாம் அந்தக் கவலை அன்றாடப் பழக்கமாக மாறாதது பற்றித்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகை நெகிழிப் பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் ஒன்று. அந்தப் பட்டியலைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிற மாணவர், வெளியே வந்ததும் அதே குவளையில்தான் தேநீர் குடிக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் எங்கள் கேன்டீனில் வேறு குவளையே கிடையாது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் இட்ட ஆணையின் தொடர்ச்சியாக நம் கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்ட சுற்றுச்சூழல் பாடம், அதை நடத்தும் வளாகத்தையே எட்டிப்பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பொறுப்பைக் கையில் கொடுத்தால் இதே பிள்ளைகள் எப்படி மாறுகிறார்கள் என்பதை எங்கள் விடுதியில் கண்டேன். இரவு உணவுக்குப்பின் மீந்ததை எடைபோட்டு, மெஸ் வாசல் கரும்பலகையில் நாள்தோறும் கிலோக் கணக்கில் எழுதத் தொடங்கினார்கள். முதலில் மாணவர்களைத்தான் எல்லாரும் திட்டினார்கள். கணக்கைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், கேட்காமலே பெரிய கரண்டியால் சோற்றை அள்ளிவைப்பதே பாதிக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கரண்டி சிறியதாயிற்று, வேண்டுமளவு கேட்டு வாங்கும் வழக்கமும் வந்தது, பலகையில் எழுதும் எடையும் இறங்கியது. அறிவுரை எதுவும் சொல்லாமலே நடந்த மாற்றம் இது.

ஆமைநடை பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 1988 முதல் சென்னை மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். என் மாணவி ஒருத்தி சென்ற பருவத்தில் அதில் சேர்ந்தாள். இப்போது எங்கே போனாலும் எவர்சில்வர் டம்ளரும் துணிப்பையும் அவள் கையோடு வருகின்றன. வலையில் சிக்கி மூச்சடைத்துக் கரையொதுங்கிய ஆமைகளைத் தன் கண்ணால் பார்த்தவளுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் நீ இருக்கிறாய். சுற்றுச்சூழல் பாடத்தின் மதிப்பெண்ணில் பாதியையாவது களப்பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பேசு. தம் வளாகத்துக் குப்பை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை மாணவர்களே கணக்கெடுத்து, நிர்வாகத்திடம் அறிக்கை தந்து, பதிலும் பெற வேண்டும். வரைவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், இத்துடன் இணைத்துள்ளேன். பார்த்துத் திருத்தி, கூட்டத்துக்கு முன் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்