எட்டாம் கிளாஸ் தொட்டிப்பாலம் விஷயமா பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கு வணக்கம்,

வீட்ல பிஸ்கட் டின்னு, எண்ணெய் டின்னு எல்லாம் ஒண்ணொண்ணா காணாம போகுதேன்னு ஒரு அம்மா போன் பண்ணாங்க, காரணம் எங்க சயின்ஸ் எக்ஸிபிஷன்தான், பசங்க அந்த டின்ன வச்சு தொட்டிப்பாலம் மாடல் செய்யறாங்க, அதான் எல்லாருக்கும் சேத்து ஒரே லெட்டரா எழுதிடறேன்.

போன மாசம் பசங்கள மாத்தூர் தொட்டிப்பாலம் கூட்டிட்டுப் போனோம்ல, பறளியாத்துக்கு மேல வாய்க்கால் தண்ணி போறத பாத்துட்டு ஒருத்தன் "டீச்சர், இதுல வள்ளம் விடலாமா?"ன்னு கேட்டுட்டான். நம்மளுது 1966ல பாசனத்துக்கு கட்டுனது. ஆனா வள்ளம் போறதுக்குன்னே கட்டுனது வேல்ஸ்ல இருக்கு, பேரு போன்ட்கசல்தே (எனக்கும் நாக்கு சுளுக்குது). டீ (Dee)ங்கற ஆத்துக்கு மேல 307 மீட்டர் நீளம், 38 மீட்டர் உயரம், 18 கல்தூணு. ஜெசப், டெல்ஃபோர்டுன்னு ரெண்டு இன்ஜினியர் 1795ல ஆரம்பிச்சு 1805ல தொறந்தாங்க.

அதுக்கு முன்னாடி, 1761ல பிரிண்ட்லிங்கற இன்ஜினியர் இங்கிலாந்துல கட்டுன பார்ட்டன் பாலம் மாதிரி, கல்லுல கட்டி உள்ள மிதிச்ச களிமண்ண கெட்டியா அப்புவாங்க, தண்ணி கசியக்கூடாதுல்ல, அந்த கனத்துக்கே பாலம் குண்டா இருக்கணும். இவங்க களிமண்ண விட்டுட்டு வார்ப்பிரும்புத் தொட்டி வச்சாங்க, அதான் தூணெல்லாம் அவ்ளோ ஒல்லி, தூணோட மேல்பாகம் உள்ள வெறும் கூடு வேற. தகடு சேர்ற எடத்துல சர்க்கரைத் தண்ணியில கொதிக்க வச்ச ஃபிளானல் துணிய திணிச்சு ஈயத்தால அடைச்சாங்கன்னு சொல்லுவாங்க. இத கிளாஸ்ல சொன்னது என் தப்பு, உங்க வீட்டு சர்க்கரை டப்பாவ கொஞ்சம் பாத்துக்கோங்க.

வள்ளம் ஏறுனா பாலத்துக்கு பாரம் கூடுமான்னு பெரிய சண்டையே நடந்துது. கூடாது. வள்ளம் தன் எடைக்கு எடை தண்ணிய ஒதுக்கிடும், அது கால்வாய் நெடுக பரவிடும். ஒரு பொண்ணு நம்பவே இல்ல, சரின்னு வாளிய விளிம்பு வரைக்கும் நெரப்பி எடை மெஷின்ல வச்சு கிண்ணத்த மிதக்க விட்டோம், வழிஞ்ச தண்ணிய தொடச்சுட்டு பாத்தா அதே நம்பர்! அவ மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

புதுசா எதுவும் வாங்கித் தராதீங்க, பழைய டின்னே போதும், ஓரத்த மட்டும் தட்டி மழுக்கி அனுப்புங்க. வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்றோம், கண்டிப்பா ஒழுகும், ஒரு செட் மாத்துத்துணி பையில போட்டு விடுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியை